எச்சரிக்கை: ஒரு பழைய எம்ஜிபி, ஸ்பேருக்கு ஒரு ஜிடி, நடுவில் ஒரு பட்டறை

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிப் புதுப்பிக்கும் ஆசை உள்ளவர்கள், அதிலும் "ஸ்பேருக்கு இன்னொரு வண்டியை வாங்கிப் போட்டால் செலவு பாதியாகிவிடும்" என்று யாரோ சொன்னதை நம்பியவர்கள், பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரை எழுதவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. பெயரைவிட அவர்கள் செய்த விதம் தெரிவதுதான் முக்கியம். அதை எந்த ஊர்ப் பட்டறையும் செய்யலாம்.

என்னுடையது 1966ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர். இரண்டு பேர் உட்காரும், கூரையை மடக்கும் வண்டி. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை இந்த மாடல் தயாரானது. 1965இல் வந்த, கூரை போட்ட ஜிடியையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அதனால் சின்ன போல்ட்டிலிருந்து முழு பாடி வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. நம்மூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு ஒட்டுதலும் உண்டு. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதிலுள்ள 1798 சிசி இன்ஜினும் ஒரே பிஎம்சி பி-சீரிஸ் குடும்பம். அப்பாவின் அம்பாசடரில் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டிப் பழகியவன் நான், இன்ஜின் வேலைக்கு யாரிடமும் போகவில்லை. பட்டறைக்குப் போனது துருவுக்காக.

எம்ஜிபிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். கூரை இல்லாத ரோட்ஸ்டரில் பாரத்தையெல்லாம் தாங்குவது கதவுக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடும் "சில்" (sill) என்ற பகுதி. வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் நிற்கும் இன்னொரு தகடு, அடியில் காஸில் ரெயில் என்று அது நாலைந்து தகடுகள் சேர்ந்த ஒரு பெட்டி. துரு உள்ளேயிருந்துதான் பிடிக்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே பாதி போயிருக்கும். என் வண்டியில் இரண்டு பக்கமும் போயிருந்தது.

பட்டறைக்காரர் பார்த்துவிட்டுத் தன்மையாகத்தான் பேசினார். புது உதிரிபாகமாக ஒவ்வொன்றாக வாங்கினால் கட்டுப்படியாகாது, ரோட்ஸ்டரைவிட ஜிடி விலை குறைவு, தனக்குத் தெரிந்த இடத்தில் பாடி போன 1972 ஜிடி ஒன்று நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது, கியர்பாக்ஸில் ஓவர்டிரைவும் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் அமைப்பு) இருக்கிறது என்றார். "ரெண்டும் எம்ஜிபிதானே, அப்படியே எடுத்து மாட்டிவிடலாம்." தன் பெயரில் வாங்கினால் விலையைக் குறைப்பார்கள் என்றும் சொன்னார். அந்த வண்டிக்கான பணம் என் பில்லில் "ஸ்பேர் வாகனம்" என்று ஒரே வரியாக ஏறியது. வி5சி பதிவுச் சான்றிதழ் அவர் பெயருக்குப் போனது.

அப்படியே எடுத்து மாட்ட முடியாது என்பது இந்த வண்டிகளில் வேலை செய்கிற எவருக்கும் தெரியும். 1967 கடைசியில் இந்த மாடலின் இரண்டாவது வடிவமான மார்க் 2 வந்தபோது கியர்பாக்ஸே மாறிவிட்டது. என் வண்டியில் இருப்பது முதல் கியருக்கு சிங்க்ரோ (கியரை உரசாமல் மாற்ற உதவும் அமைப்பு) இல்லாத பழைய பாக்ஸ். புதியது நான்கு கியருக்கும் சிங்க்ரோ உள்ளது, உருவமும் பெரியது. அதற்காகவே தொழிற்சாலையில் நடு டனலை, அதாவது கியர்பாக்ஸ் உட்காரும் மேட்டை, அகலமாக்கினார்கள். ஆக, 1972 பாக்ஸை 1966 பாடியில் ஏற்ற வேண்டுமானால் டனலை வெட்ட வேண்டும். என்னுடையது டைனமோ, பாசிட்டிவ் எர்த். ஜிடியில் ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த், அதாவது மின் இணைப்பே தலைகீழ். ஸ்டார்ட்டர் வேறு, பின் ஆக்ஸிலும் வேறு வகை. முன் பக்க பிரேக், சஸ்பென்ஷன், சில தகடுகள் உதவும். மற்றபடி அந்த ஜிடி இன்னொரு ஜிடிக்குத்தான் நல்ல ஸ்பேர்.

இதையெல்லாம் அவர் சொன்னது வண்டிக்குப் பணம் கட்டிய பிறகு. டனலை வெட்டித் தைக்கத் தனி எஸ்டிமேட் வந்தது. அறுபது வருஷ வண்டியை அப்படி வெட்ட மனசு வரவில்லை, வேண்டாம் என்றேன். அப்படியானால் ஓவர்டிரைவ் பாக்ஸை எனக்குக் கொடுங்கள், தேவைப்படுகிறவருக்கு விற்றுக்கொள்கிறேன் என்றதும் பேச்சு வேறு பக்கம் போனது. அந்த வகை பாக்ஸ் நல்ல நிலையில் இருந்தால் நூற்றுக்கணக்கான பவுண்டுக்குப் போகும். நான் அதைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

வண்டியை எடுக்கப் போன அன்று பில்லில் புதிதாக இரண்டு வரிகள் இருந்தன: ஜிடியை நிறுத்தி வைத்த வாடகை, அதை நசுக்கக் கொண்டுபோன கூலி. கட்டினால்தான் சாவி என்றார்கள். வேலை செய்த பட்டறை பாக்கிக்காக வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள இங்கே சட்டம் இடம் தருகிறது, அதை அவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். பில்லின் மேலேயே "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படமும் எடுத்துக்கொண்டு கட்டினேன். இப்படி ஒரு நிலைமை உங்களுக்கு வந்தால் அந்த வரியை எழுத மறக்காதீர்கள். பின்னால் "நீங்கள்தானே திருப்தியாகக் கட்டினீர்கள்" என்று சொல்லும் வாயை அது அடைக்கும்.

முதலில் அகப்பட்டது பானெட், அதாவது இன்ஜின் மூடி. வீட்டுக்கு வந்து திறந்தபோது கனத்தது. 1966இல் எம்ஜிபிக்குப் பானெட் அலுமினியம், பிந்தைய வண்டிகளில்தான் இரும்பு. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வந்து வைத்தேன். பச்சென்று ஒட்டியது. ஜிடியின் இரும்புப் பானெட்டுக்கு என் வண்டியின் பச்சை பெயிண்டை அடித்து மாட்டியிருக்கிறார்கள். போன் செய்து கேட்டதற்கு, "உங்களுடையதில் ஒடுக்கு இருந்தது சார், நல்லதாக இதை மாட்டினோம். அதற்குத்தானே ஸ்பேர் கார்?" என்று பதில். பழையது எங்கே? பழைய தகடோடு போய்விட்டதாம்.

அந்த "அதற்குத்தானே ஸ்பேர் கார்" என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரே வண்டி நிற்கும் பட்டறையில் ஒரு பாகம் காணாமல் போனால் அது காணாமல் போனதுதான். இரண்டு வண்டி நின்றால் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. நல்லது போய் மட்டமானது வந்தால், ஸ்பேரிலிருந்து எடுத்தோம். ஸ்பேரிலிருந்தது காணோம் என்றால், அதை உங்கள் வண்டியில்தான் மாட்டினோம். எது எங்கிருந்து எங்கே போனது என்று வாடிக்கையாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அடுத்தது சில். நாற்பது வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து வருடாந்திர எம்ஓடி தகுதிச் சோதனை கட்டாயமில்லை. நல்ல சலுகைதான். ஆனால் பூசி மெழுகும் பட்டறைக்கு அதைவிடப் பெரிய சலுகை எதுவும் இல்லை, அவர்கள் வேலையை வேறு கண் பார்க்கவே போவதில்லை. நான் விரும்பி எம்ஓடிக்குக் கொண்டுபோனேன். லிஃப்டில் ஏற்றித் தட்டிப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டு, "கேட்கிறதா, ரெண்டு சத்தம் வருகிறது" என்றார். பிறகு பழைய வண்டிகளைப் பரிசோதிக்கும் பொறியாளர் ஒருவர் வடிகால் ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை உள்ளே விட்டார். துருப்பிடித்த பழைய சில் அப்படியே இருந்தது. அதன் மேல் புதுத் தகட்டை மூடி, அங்கங்கே வெல்டிங் புள்ளி வைத்து, அடியில் தாரை அப்பியிருந்தார்கள். பில்லில் இரண்டு பக்கமும் உள் சில், காஸில் ரெயில் எல்லாம் புதிது என்று தனித்தனியாகக் கூலி போட்டிருந்தது.

சரியாகச் செய்திருந்தால் வெளியிலிருந்தே தெரியும். அசல் சில் முன் விங்குக்கும் பின் விங்குக்கும் (சக்கரங்களை மூடும் பாடித் தகடுகள்) அடியில் புகுந்து போகிறது. அதை மாற்ற முன் விங்கைக் கழற்ற வேண்டும், பின் விங்கின் அடிப்பகுதியைக் கொஞ்சம் வெட்டித் திரும்பத் தைக்க வேண்டும். என் வண்டியில் முன் விங்கின் போல்ட்டுகளில் பழைய பெயிண்ட் உடையவே இல்லை. வெட்டும் முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து இறுக்குவதும் அவசியம். இல்லாவிட்டால் ரோட்ஸ்டர் நடுவில் தொய்ந்து, கதவு இடைவெளி மேலே நெருங்கிவிடும். தொய்ந்த நிலையிலேயே வெல்டிங் வைத்தால் அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் ஒழுங்காகச் சாத்தாது. வண்டி வாங்கும்போதும் இதே சோதனை உதவும். பக்கவாட்டில் ஜாக் போட்டுத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பிடித்தால் அந்த விலைக்கு வேண்டாம்.

வேலை நடக்கும்போது வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். பளபளவென்று புது காஸில் ரெயில், அழகான வெல்டிங். பொறியாளர் அறிக்கை வந்த பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் தெரிந்த ஸ்டியரிங் தண்டு இடது பக்கம் இருந்தது. எம்ஜிபியில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனவை, அங்கிருந்து துருவில்லாத பாடிகள் திரும்பி வருகின்றன. அப்படி வந்த யாரோ ஒருவர் வண்டியின் படம். அந்த ஆள் தன் வண்டிக்கு வந்த படங்களில் யாருடையது இருக்கிறது என்று பார்த்தால் நல்லது.

ஜிடிக்கு வருவோம். நசுக்கப் போட்டாச்சு என்றால் அனுமதி பெற்ற மையம் அழிப்புச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். கேட்டேன், தேடித் தருகிறோம் என்றார்கள். அரசு இணையதளத்தில், வாகனப் பதிவைக் கவனிக்கும் டிவிஎல்ஏவின் பக்கத்தில் எந்த வண்டியின் பதிவு எண்ணைப் போட்டாலும் அதன் வரி நிலை, நிறம், கடைசியாக வி5சி வழங்கிய தேதி எல்லாம் வரும். காசு கிடையாது. ஜிடியின் எண்ணைப் போட்டேன். நசுக்கியதாக பில்லில் இருந்த தேதிக்குப் பிறகு புதிதாக ஒரு வி5சி வழங்கியிருக்கிறார்கள். அதாவது வண்டி நசுங்கவில்லை. என் காசில் வாங்கிய காரை, வேண்டியதைக் கழற்றிக்கொண்டு, ஓவர்டிரைவோடோ இல்லாமலோ இன்னொருவருக்கு விற்று, அதை அழித்த கூலியையும் என்னிடமே வாங்கியிருக்கிறார்கள். இந்தத் துணிச்சலைப் பார்த்துக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது, கொஞ்ச நேரம்.

நண்பர் ஒருவர் இன்னொன்றையும் சொன்னார். ஸ்பேர் காரின் சேஸிஸ் நம்பர் தகடும் அதன் வி5சியும் ஒரே ஆளிடம் சேர்ந்து போனால், திருட்டு வண்டி ஒன்றுக்கு அந்த அடையாளத்தை ஒட்டிவிட முடியும். என் விஷயத்தில் அப்படி நடந்ததாகச் சொல்லவில்லை. ஆனால் ஸ்பேர் காரின் காகிதம் உங்கள் பெயரில் இருந்தால், அந்த வண்டி என்னவாயிற்று என்று டிவிஎல்ஏவுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள். சொல்லாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். அதைச் சுமையாக நினைக்காதீர்கள், உங்களுக்குத் தெரியாமல் வண்டி நகராமல் இருக்க அதுதான் பூட்டு. ஆனால் வி5சி வைத்திருப்பது மட்டும் உரிமைக்குச் சான்றல்ல, அதன் மேலேயே அப்படி அச்சடித்திருக்கிறார்கள். விற்றவர் உங்கள் பெயருக்கு எழுதிய ரசீதும் கையில் இருக்க வேண்டும்.

போலீஸ் இது சிவில் தகராறு என்று ஒதுங்கிக்கொண்டது. கைகொடுத்தது கிரெடிட் கார்டு. அட்வான்ஸை மட்டும் கார்டில் கட்டியிருந்தேன், மீதியை வங்கி வழியாக அனுப்பினால் தள்ளுபடி என்றதால் அப்படி அனுப்பினேன். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலைக்கு ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலே முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனத்திடம் கேட்கலாம். வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. பொறியாளர் அறிக்கையையும் இடது பக்க ஸ்டியரிங் படத்தையும் இணைத்து அனுப்பினேன். இழுத்தடித்தாலும் சில் வேலைக்கான பணம் வந்தது. பானெட்டுக்கும் ஜிடிக்கும் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் போட்டிருக்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக 10,000 பவுண்டு வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. அதற்கு முன் போனில் மத்தியஸ்தம் நடக்கும், அந்தத் தேதிக்காகக் காத்திருக்கிறேன்.

இப்போது வண்டி வேறு பட்டறையில். கதவு வாசலில் கம்பி வைத்து இறுக்கிய பிறகுதான் கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தார்கள், அதைப் போய் நேரில் பார்த்தேன். பட்டறை வாசலில் ஸ்பேர் கார் எதுவும் இல்லை. இனி அப்படி ஒன்று வாங்கினால் என் பெயரில், என் வீட்டு ஷெட்டில் நிற்கும். நானே கழற்றி, ஒவ்வொன்றிலும் உள்பக்கம் ஒரு குறி போட்டு, படமெடுத்து, தேவையான பாகத்தை மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பேன். ஷெட் இல்லாதவர்கள் இரண்டாவது வண்டியே வாங்காமல் புது உதிரிபாகம் வாங்குவது மலிவு என்பது என் கருத்து. வீட்டில் இதை முதலிலேயே சொன்னார்கள் என்பதையும் பதிவு செய்யச் சொல்லி உத்தரவு.

கடைசியாக, மிட்லாண்ட்ஸ் பக்கம் அண்மையில் 1972 ஜிடி ஒன்றைப் பாதி கழற்றிய நிலையில் வாங்கியவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இதைக் காட்டுங்கள். அவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை, வண்டியைத் திருப்பிக் கேட்கவும் போவதில்லை. விற்றவர் கொடுத்த ரசீதின் நகல் ஒன்று போதும். அந்த வண்டிக்குள் பச்சை பெயிண்ட் அடித்த அலுமினியப் பானெட் ஒன்று கிடந்தால் அதற்கு நல்ல விலையும் தருகிறேன்.