முன்தோல் இறுக்கம்: காத்திருப்பதா, களிம்பா, கத்தியா?

சிறுவனின் ஆண்குறி முன்தோல் பின்னுக்குப் போகவில்லை என்று தெரிந்ததும் திருநெல்வேலிச் சீமையின் வீடுகளில் இரண்டு யோசனைகள் உடனே கிடைத்துவிடும். எண்ணெய் தடவித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடச் சொல்வது ஒன்று. வெட்டிவிட்டால் தீர்ந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே, செலவு குறைந்ததும் பெரும்பாலான சிறுவர்களுக்குப் போதுமானதுமான வழிகள் இருக்கின்றன என்பது பலர் காதுக்கு எட்டுவதில்லை. மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி போன்ற ஊர்களின் இஸ்லாமியக் குடும்பங்களில் சிறு வயதிலேயே சுன்னத் செய்துவிடுவதால் இந்தக் கேள்வி அங்கே பெரும்பாலும் எழுவதில்லை. மற்ற குடும்பங்களில் தகப்பனும் மகனும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வது அபூர்வம். கல்யாணம் நிச்சயமான பிறகு, அதுவும் தெரிந்த முகம் இல்லாத வெளியூர் மருத்துவமனையில், முதன்முதலாக வாய் திறப்பவர்கள் உண்டு.

எந்த வழி மேலானது என்று கேட்பதற்கு முன், இறுக்கம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்தாக வேண்டும். பிறக்கும்போது முன்தோலின் உட்பக்கம் ஆண்குறியின் மொட்டோடு ஒட்டியே இருக்கும். வளர வளர அது தானாகப் பிரிகிறது. டென்மார்க்கில் பள்ளிச் சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்த ஜேக்கப் ஓஸ்டர் என்ற மருத்துவர் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, 6, 7 வயதில் நூற்றுக்கு 8 பேரிடம் இருந்த இறுக்கம் 16, 17 வயதில் நூற்றுக்கு ஒருவரிடம் மட்டுமே எஞ்சியிருந்தது. தோலை மெதுவாகப் பின்னிழுக்கும்போது துளையின் விளிம்பு சுருக்குப்பையின் வாயைப் போல மிருதுவாகச் சுருங்கி, உள்ளே இளஞ்சிவப்புத் தோல் எட்டிப்பார்த்தால் அது இயல்பான இறுக்கம். விளிம்பு வெளுத்துத் தடித்து, வளையமாக இறுகி, இழுத்தால் வெடித்து ரத்தம் கசிந்தால் அது நோயால் வந்த இறுக்கம். லைக்கன் ஸ்க்லிரோசஸ் என்ற தோல் நோய், திரும்பத் திரும்ப வரும் தொற்று, சர்க்கரை நோய், வலுக்கட்டாயமாகத் தள்ளியதால் ஏற்பட்ட தழும்பு ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள்.

இந்தக் கடைசிக் காரணத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டும் ஆச்சி அக்கறையோடுதான் எண்ணெய் போட்டுத் தள்ளுகிறார். ஆனால் இன்னும் பிரியாத தோல் அப்படித் தள்ளும்போது கிழிகிறது, கிழிந்த இடம் ஆறும்போது தழும்பாகிச் சுருங்குகிறது, தானாகச் சரியாகியிருக்க வேண்டிய இறுக்கம் நிரந்தரமாகிவிடுகிறது. காத்திருப்பதையும் தள்ளுவதையும் ஒப்பிட்டால் காத்திருப்பதற்கே எல்லா வகையிலும் வெற்றி. சிறுநீர் கழிக்கும்போது தோல் பலூனாக உப்புவதைக் கண்டு பயப்படும் பெற்றோர் அதிகம். வலியும் காய்ச்சலும் இல்லாமல், நீர் முழுவதுமாக இறங்கினால், அந்த உப்பல் மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. தோலுக்கடியில் தெரியும் வெள்ளை உருண்டைகளும் சீழ் அல்ல. உதிர்ந்த தோல் செல்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினாலே போதும். கிருமிநாசினி ஊற்றிக் கழுவுவதால் எரிச்சல்தான் மிஞ்சும்.

காத்திருந்தும் விலகாத தோலுக்கு, அல்லது அடிக்கடி வீங்கித் தொந்தரவு தரும் தோலுக்கு, அடுத்த வழி ஸ்டீராய்டு களிம்பு. இதற்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். பெரும்பாலும் 0.05 சதவீத பீட்டாமெத்தசோன் களிம்பையே எழுதித் தருவார்கள். வெந்நீரில் குளித்து முடித்த பிறகு, வலி தொடங்கும் எல்லைக்கு முன்பே நிறுத்தித் தோலை மெல்லப் பின்னிழுத்து, இறுகிய வளையம் கண்ணில் பட்டதும் அதன்மேல் மட்டும் மெல்லிய பூச்சாகத் தடவி, பிறகு மறக்காமல் தோலைப் பழையபடி முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். காலையும் இரவுமாக இதை நான்கு முதல் எட்டு வாரம் வரை செய்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்கு இதனாலேயே தோல் விலகுகிறது. பலன் தராத வீடுகளில் பெரும்பாலும் களிம்பை வெளித்தோலின் மேல் பூசியிருப்பார்கள், அல்லது பத்து நாளில் நிறுத்தியிருப்பார்கள். தோல் விலகிய பிறகும் குளிக்கும்போது தினமும் அதைப் பின்னிழுத்துக் கழுவும் பழக்கம் நிலைக்காவிட்டால் இறுக்கம் திரும்பி வரும். மெடிக்கலில் அரிப்புக்கு என்று கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அவற்றில் சிலவற்றில் இருக்கும் வீரியம் கூடிய ஸ்டீராய்டு, அளவும் நாளும் தெரியாமல் பூசினால் மெல்லிய தோலை மேலும் மெலியவைத்துவிடும்.

களிம்புக்கு அடங்காத இறுக்கத்துக்கு அறுவை. இதிலும் இரண்டு பாதைகள் உண்டு. இறுகிய வளையத்தை நீளவாக்கில் கீறி, குறுக்குவாக்கில் தைத்து, வாயை அகலப்படுத்துவது ஒன்று. இதில் முன்தோல் அப்படியே இருக்கும், ஆறும் காலமும் குறைவு. தோலை இழக்க விரும்பாத இளைஞருக்கும், தழும்பு அதிகமில்லாத சிறுவனுக்கும் இது பொருத்தமானது. ஆனால் இறுக்கம் திரும்பும் வாய்ப்பு இதில் உண்டு. வெளுத்த வளையம் இருப்பவருக்கு இதைச் செய்வது பெரும்பாலும் இரண்டாவது அறுவைக்கு வழி வைப்பதாகவே முடியும்.

முழுத்தோலையும் நீக்கும் சுன்னத் அறுவையில் அந்தச் சந்தேகம் இல்லை. லைக்கன் ஸ்க்லிரோசஸ் உறுதியானவர்களுக்கு இதுவே சரியான வழி; அந்த நோய் சிறுநீர்த் துளையையும் நெருக்கக்கூடியது என்பதால் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. சிறுவர்களுக்கு முழு மயக்கத்திலும், பெரியவர்களுக்குக் குறியின் அடியில் மரத்துப்போகும் ஊசி போட்டும் செய்கிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். ரத்தக்கசிவும் தொற்றும் சிலருக்கு வருவதுண்டு. புண் ஆற இரண்டு, மூன்று வாரம் ஆகும். தாம்பத்தியத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். முதல் சில நாள் விடியற்காலை விறைப்பில் தையல் இழுத்து வலிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அந்த நாட்களில் பேண்டைவிட வீட்டில் கட்டும் சாரம் (லுங்கி) எவ்வளவோ மேல். குற்றாலச் சீசனை மனத்தில் வைத்து நாள் குறிப்பதும் நல்லது. புண் ஆறும்வரை அருவியும் ஆற்றுக் குளியலும் கூடாது. சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் அமைந்த குழந்தைக்கு மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் அவசரப்பட்டு சுன்னத் செய்துவிடக் கூடாது, ஏனென்றால் பின்னால் அந்தத் துளையைச் சரிசெய்ய அதே தோல்தான் தேவைப்படும்.

ஸ்டேப்ளர், லேசர் என்று விளம்பரம் செய்யப்படுபவை தனி வழிகள் அல்ல; வெட்டும் கருவிதான் வேறு. நேரமும் ரத்தமும் மிச்சம், பணம் கூடுதல். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வழக்கமான முறையில் கட்டணமின்றிச் செய்துகொண்டாலும் கிடைக்கும் பலன் அதுவேதான்.

பெரியவர்களிடம் இந்த ஒப்பீடு சற்று வேறாகிவிடுகிறது. இதுவரை நன்றாக விலகிய தோல் நாற்பது, ஐம்பது வயதில் வெடித்து, அரித்து, இறுகத் தொடங்கினால், களிம்பா அறுவையா என்று யோசிப்பதற்கு முன் சுகர் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயே இப்படித்தான் முதலில் தெரியவருகிறது என்பவர்கள் குறைவல்ல. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று வருவது தெரிந்த பக்கவிளைவு. மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். இத்தகையவர்களுக்கு ஸ்டீராய்டு களிம்பு மட்டும் போட்டால் பூஞ்சை வளரும். சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்து, தொற்றை ஆற்றி, பிறகு சுன்னத் அறுவை செய்வதே பெரும்பாலும் நிலைக்கும் தீர்வாகிறது. ஆண்குறிப் புற்றுநோய் அபூர்வமானதுதான் என்றாலும், நெடுங்கால இறுக்கம் அதற்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று. அதைவிட, இறுகிய தோலுக்கடியில் வளரும் கட்டியோ புண்ணோ வெளியே தெரியாது என்பது பெரிய தொல்லை.

எதையும் ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லாத நிலையும் ஒன்று இருக்கிறது. பின்னிழுத்த இறுகலான தோல் முன்னுக்கு வராமல் மொட்டுக்குப் பின்னால் வளையமாகக் கவ்விக்கொண்டால், சில மணி நேரத்தில் மொட்டு வீங்கி ரத்த ஓட்டம் தடைப்படும். வீக்கத்தைக் கையால் விடாமல் சில நிமிடம் அழுத்தி வடித்துவிட்டுத் தோலை முன்னுக்குக் கொண்டுவருவதே மருத்துவர் முதலில் செய்வது. முடியாவிட்டால் வளையத்தை மேல்பக்கமாகக் கீறிவிடுவார்கள். விடியட்டும் என்று இருந்துவிடாமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியவருக்குச் சிறுநீர்க் குழாய் மாட்டியிருந்தால், குழாய் மாற்றி முடித்த ஒவ்வொரு முறையும் தோல் முன்னுக்கு வந்துவிட்டதா என்று கூட இருப்பவர் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.