கையேட்டு அழுத்தமா, குறைத்த அழுத்தமா: கனமான மோட்டார் சைக்கிளுக்கு எது பொருந்தும்?

ஏறத்தாழ 250 கிலோ எடையுள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டுபவர்களிடம் டயர்க் காற்றைப் பற்றி இரண்டு வழக்கங்களைக் காணலாம். கையேட்டில் குறித்த அளவையே வைப்பது ஒன்று. மென்மையும் பிடிப்பும் கூடும் என்று நம்பி, அதிலிருந்து 4 முதல் 6 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை இறக்கிவிடுவது மற்றொன்று. 17 அங்குலச் சக்கரங்களில் முன்னால் 120, பின்னால் 180 அல்லது 190 அளவு டயர் பூட்டிய பல பெரிய வண்டிகளுக்கு முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ என்பதே கையேட்டு அளவு. என் வண்டிக்கும் அவையே. முதல் ஜோடி டயர்களை 31, 37 என்று இறக்கி வைத்தே தேயும்வரை ஓட்டினேன். இப்போதுள்ள இரண்டாம் ஜோடியைக் கையேட்டு அளவில் வைத்திருக்கிறேன், இனி மாற்றும் எண்ணமில்லை.

குறைத்த அழுத்தத்தின் நன்மைகள் பொய்யல்ல. சிறு மேடுபள்ளங்களின் அதிர்வு மணிக்கட்டுக்கு வருவது குறைகிறது. டயர் அதிகம் நெளிவதால் விரைவில் சூடேறுகிறது. குளிர்ந்த காலைகளில் அந்த வேறுபாட்டை நானே உணர்ந்திருக்கிறேன். தரையைத் தொடும் பரப்பும் கூடுகிறது: பின்சக்கரத்தின் மீது 180 கிலோ இறங்குகிறது என்று கொண்டு, பக்கச்சுவரின் விறைப்பை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 42 பிஎஸ்ஐயில் ஏறத்தாழ 61 சதுர சென்டிமீட்டராக இருக்கும் பரப்பு 37 பிஎஸ்ஐயில் 69 ஆகிறது. பந்தயத் தளங்களில் அழுத்தத்தை இறக்குவதைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அங்கே டயர் சாலையில் எட்டாத வெப்பத்தை எட்டுகிறது, சூடான நிலையில் அளந்து திருத்தப்படுகிறது, அதன் ஆயுளும் பொருட்டாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகையால் அந்த எண்களைச் சாலைக்குக் கொண்டுவர முடியாது.

கையாளுதலில் இழப்பு முதலில் முன்சக்கரத்தில் தெரிகிறது. அழுத்தம் குறையும்போது தொடுபரப்பு நீள்கிறது. வளைவில் டயர் எழுப்பும் பக்கவிசை மேலும் பின்தள்ளி விழுவதால், ஹேண்டில்பாரை நேராக்க முயலும் விசை கூடுகிறது. இடமிருந்து வலமாக உடனே சாய்க்க வேண்டிய இரட்டை வளைவில், கைப்பிடியை அழுத்தியதும் முதலில் பக்கச்சுவர் நெளிகிறது, அதன் பிறகே வண்டி திரும்பத் தொடங்குகிறது. சுமை எவ்வளவோ அவ்வளவு நெளிவு என்பதால், இலகுவான வண்டியில் கவனத்துக்கே வராத 5 பிஎஸ்ஐ, கனமான வண்டியில் தோளில் களைப்பாக வந்து சேர்கிறது. தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகமும் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே மாறுகிறது. 36 இலிருந்து 31க்கு இறக்கினால் அந்த வேகம் ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும்.

இவை அனைத்தும் காற்றடித்ததும் சரியாகிவிடக்கூடியவை. அப்படிச் சரியாகாத ஒன்றுதான் என் முடிவைத் தீர்மானித்தது: டயர் தேய்ந்து கொள்ளும் வடிவம். காற்றுக் குறைந்த முன்டயரில் நடுப்பகுதி தன் பங்குச் சுமையை முழுதாகத் தாங்காததால் டயரின் இரு தோள்களும், அதாவது நடுவுக்கு இருபுறமும் உள்ள பகுதிகள், முந்தித் தேய்கின்றன. வட்டமாக இருந்த குறுக்குவடிவம் மெல்ல முக்கோணமாகிறது. தடக்கட்டைகள் (தரையைத் தொடும் ரப்பர்த் துண்டுகள்) ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நெளிந்து மீள்வதால் அவற்றின் ஒரு விளிம்பு மட்டும் அரிபட்டு, டயரைச் சுற்றி அலையலையான மேடுபள்ளம் உருவாகிறது. என் வண்டியில் அது, வேகத்தைக் குறைக்கும்போது எழும் ஒரு முனகலாகவும் கைப்பிடியில் ஒரு நடுக்கமாகவும் வெளிப்பட்டது. அப்போதே 36க்கு ஏற்றினேன். ஹேண்டில்பார் இலகுவானது, ஆனால் வண்டி சீராகச் சாயவில்லை. ஓரளவு சாயும்வரை தயங்கிவிட்டு, அதைத் தாண்டியதும் வளைவுக்குள் சட்டென்று விழுந்தது. தடத்தில் இன்னும் ஆழம் மிச்சமிருந்த அந்த டயரை, அந்த நடத்தை பிடிக்காமலேயே கழற்ற வேண்டியதாயிற்று. புது டயர் பூட்டிய அன்றே வண்டி பழைய இயல்புக்குத் திரும்பியது. இரண்டே ஜோடி டயர்களின் அனுபவத்தைக் கொண்டு, இத்தனை கிலோமீட்டர் ஆயுள் குறையும் என்று என்னால் எண் சொல்ல இயலாது. ஆனால் இரண்டும் ஒரே வகை டயர்கள், ஓடியதும் ஒரே சாலைகளில். முதல் ஜோடி முனகத் தொடங்கிய தொலைவைக் கடந்தும் இப்போதைய முன்டயர் ஓசையின்றி ஓடுகிறது.

கையேட்டு அளவுக்கு மேல் ஏற்றுவதைப் பற்றி விரித்துப் பேசத் தேவையில்லை: தொடுபரப்பு சுருங்குகிறது, பின்டயரின் நடுப்பகுதி விரைந்து தட்டையாகிறது, ஈரச் சாலையில் நம்பிக்கை போய்விடுகிறது. பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்புதான், பரிந்துரை அன்று.

குறைத்து ஓட்டுபவர்களில் பலர் அதை அறிந்து செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிறிது தொலைவு ஓட்டிவந்து சூடான டயரில் அளவு பார்த்தால் 42 என்பது 46 ஆகக் காட்டும். கூடுதல் என்று எண்ணி 4 பிஎஸ்ஐயை இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் உள்ளே இருப்பது 38தான். கையேட்டு எண்கள் குளிர்ந்த டயருக்கானவை. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகே அளக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ மாறும் என்பதால் பருவம் மாறும்போது மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் சொந்தமாக ஓர் அளவியை வாங்கி, வாரம் ஒரு முறை காலையில் வண்டியை எடுக்கும் முன் அளக்கிறேன். எப்போதும் ஒரே அளவியைப் பயன்படுத்துவதால், அதில் சிறு பிழை இருந்தாலும் வாரத்துக்கு வாரம் நேரும் மாற்றம் மறைவதில்லை. பின்னால் ஆளையும் பெட்டிகளையும் ஏற்றி நெடுந்தூரம் சென்ற அனுபவம் எனக்குக் குறைவு. அத்தகைய பயணங்கள் ஓரிரண்டில் கையேடு முழுச்சுமைக்குத் தந்த எண்ணையே வைத்தேன், வண்டி நேர்கோட்டில் அலையாமல் சென்றது.