கண்டி கலர் மீன் கடை: மீனுக்கு அஞ்சு ஸ்டார், யோசனைக்கு முட்டை

மகன் அடம்புடிச்சதால போன வருசம் கண்டி டவுன்ல ஒரு மீன் கடைக்கு போனோம், கடை பேரு வேணாம், அந்த தம்பி பாவம். மொதல்ல நல்லத சொல்லிர்றேன். தொட்டியெல்லாம் சுத்தம், செத்த மீன் ஒண்ணும் மெதக்கல. வீட்டு தொட்டி எத்தன அடின்னு கேட்டுட்டு ரெண்டு கோல்ட்பிஷ்ஷுக்கு மேல தரமாட்டேன்னுட்டாரு, வேற ஆளுன்னா பத்தக் கட்டி தலையில ஏத்திருப்பான். சொப்பிங் பேக்ல காத்தடிச்சு குடுத்தாரு, வத்தேகம பஸ்ல நசுங்கி வந்தும் ரெண்டும் உசுரோட இருந்துச்சு.

வில்லங்கம் மூணாவது மீன்ல. பாசி தின்னும்னு டேங்க் கிளீனர் ஒண்ணு போட்டாரு, விரல் நீளந்தான், கறுப்பு. கண்ணாடியில வாய ஒட்டிக்கிட்டு அப்படியே கிடக்கும். பாசி தின்னுச்சு, பொய் சொல்லல, ஆனா அது போட்ட பீய அள்ளினது நான்தான். இப்ப ஒரு சாணுக்கு மேல வளந்து, மேலெல்லாம் தகடு மாதிரி, புடிச்சா கைய கிழிக்குது.

திருப்பி குடுக்க போனா எடுக்கமாட்டாங்களாம். "பொல்கொல்ல பக்கம்தானே அக்கா, ஆத்துல விட்டுருங்க, புண்ணியம்"ங்கிறாரு.

அன்னைக்கு ராத்திரி டொரொண்டோல இருக்க அண்ணன் வீடியோ கோல்ல அந்த வாய பாத்துட்டு ஐயோ லாம்ப்ரேயான்னு பதறிட்டாரு. இல்ல, இது ரத்தம் குடிக்காது, அது வேற சாதி. லாம்ப்ரேக்கு தாடையே இல்ல, வட்ட வாய் முழுக்க பல்லு, மீனோட ஒடம்புல ஒட்டி நாக்கால துளைச்சு ரத்தம் ஒறையாம பண்ணி உறிஞ்சும், ஒண்ணு அதோட ஆயுசுல 18 கிலோ மீனு வரைக்கும் கொன்னுருமாம். அட்லாண்டிக் கடல் மீனு அது, வட அமெரிக்காவுல நயாகராவுக்கு மேல இருக்க பெரிய ஏரிகளுக்கு போகவிடாம நயாகரா நீர்வீழ்ச்சி சுவர் மாதிரி தடுத்துச்சு, வீழ்ச்சிய சுத்திப் போற வெல்லண்ட் கால்வாய 1919ல ஆழமாக்கினாங்க, 1921ல ஈரி ஏரியில, 1938ல சுப்பீரியர் ஏரி வரைக்கும் போயிருச்சு. ஏரி ட்ரவுட் மீன்புடியே படுத்துருச்சு. ஆயிரக்கணக்கான மருந்து சோதிச்சு 1950கள் கடைசியிலதான் லாம்ப்ரே குஞ்ச மட்டும் பாத்து கொல்ற ஒண்ண கண்டுபுடிச்சாங்க, இன்னைக்கும் அது முட்டையிடுற ஆறுகள்ல அத ஊத்திக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒழிக்க முடியல, கொறைக்க மட்டுந்தான் முடிஞ்சிருக்கு.

நம்ம டேங்க் கிளீனர் ஏற்கனவே பொல்கொல்ல அணைத் தண்ணியில குடும்பம் நடத்துது. கரைய கொடஞ்சு பொந்து போட்டு முட்டையிடும், வலையில மாட்டினா முள்ளு சிக்கி வலைய கிழிக்கும், ஜப்பான் மீன் (திலாப்பியா) புடிக்க வலை போடுறவங்களுக்குத்தான் நட்டம். இன்னொன்னு, பொல்கொல்லயில இருந்து மகாவலி தண்ணிய 1976ல இருந்து சுரங்கத்தால உக்குவெல பக்கம் திருப்பி விடுறாங்க. வெல்லண்ட் கதைய கேட்டதுல இருந்து இந்த மீனும் அப்படியே அந்தப் பக்கம் போயிருமோன்னு எனக்கு அந்த சுரங்கந்தான் ஞாபகம் வருது.

கடைக்கு என்ன சொல்றேன்னா, விக்கிறப்பவே இது எவ்வளவு வளரும்னு சொல்லுங்க, வளந்தா திருப்பி எடுங்க, பாதி காசு கூட வேணாம். அது வரைக்கும் மூணு ஸ்டார்.

மீனு இப்ப வீட்டுக்கு பின்னால நீல பரல்ல கிடக்கு. பெரிய தொட்டி வச்சிருக்கவங்க யாராவது இருந்தா வந்து தூக்கிட்டு போங்க, சும்மாவே தாறேன், தடிச்ச கிளவுஸ் மட்டும் கொண்டு வாங்க.