பொங்கல் பானை: மண்ணா, வெண்கலமா?

தை முதல் நாள் நெருங்கினாலே பல வீடுகளில் இந்தக் கேள்வி வந்துவிடும். புது அரிசியும் வெல்லமும் போட்டுச் சூரியனுக்குப் படைக்கும் நாள் அது. பால் பொங்கி வழிவதுதான் அதன் உயிர் என்பதால் பானையில் அலட்சியம் கூடாது.

விலை: மண்பானை யாருக்கும் கட்டுப்படியாகும். வெண்கலம் எடைக்கு விற்பது, கையைக் கடிக்கும்.

உழைப்பு: வெண்கலப் பானை பாட்டியிடமிருந்து பேத்திக்கு வரும்; தரையில் போட்டால் மட்டும் விரிசல் விடலாம். மண் அவ்வளவு தாங்காது.

பக்குவம்: புது மண்பானையை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் தீயைக் கொழுந்துவிட்டு எரியவிட்டால் கீறல் விழும். பால் பொங்க நேரமாகும், சரி. ஆனால் இறக்கி வைத்த பிறகும் சூடு அடங்காமல் பொங்கல் உள்ளே குழைந்துகொண்டே இருக்கும். அந்த மண்வாசனை வெண்கலத்தில் வரவே வராது. வெண்கலம் சீக்கிரம் காயும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்.

மரபு: போகியன்று பழையதைக் கழித்து, மறுநாள் புதுப்பானை ஏற்றுவது மண்ணுக்கே பொருந்துகிறது. கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டுவது இரண்டுக்கும் உண்டு.

வாசலில் செங்கல் அடுப்பு மூட்ட இடமிருந்தால் மண்பானையே வாங்குங்கள். குயவர்கள் நம்பியிருக்கும் பருவம் இது. அடுக்குமாடியில் கேஸ் அடுப்புதான் என்றால் வெண்கலம் நல்லது. அப்புறம், பித்தளை வாங்குவதாக இருந்தால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள்.