செம்பு என்று சொல்லி அலுமினியம் விற்றார்கள்: கேட்6ஏ கேபிள் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

என் மேசை மேல் ஒரு விரல் நீளத்துக்குக் கம்பி கிடக்கிறது. மேலே செம்பு நிறம். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கம்பி, தொழிலில் சிசிஏ என்பார்கள். இதற்குத்தான் 2,70,000 ரூபாய் கொடுத்தேன்.

கோவையில் சிறிய டேட்டா சென்டர் நடத்துகிறோம். புது ஹாலில் சர்வர் அடுக்கும் ரேக் பத்து, 240 நெட்வொர்க் இணைப்பு. சர்வரை ஐந்து வருடத்தில் மாற்றிவிடலாம், அவற்றை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சையும் மாற்றலாம். ட்ரேயில் இழுத்துக் கட்டிய கேபிள் பத்துப் பதினைந்து வருடம் அங்கேயே கிடக்க வேண்டும். அதனால்தான் நெட்வொர்க் கேபிளில் கேட்6-க்கு அடுத்த தரமான கேட்6ஏ என்று முடிவு செய்தோம். கேட்6-ல் 10 ஜிகாபிட் வேகம் மிஞ்சிப் போனால் 55 மீட்டர் ஓடும், கற்றையாக நெருக்கிக் கட்டினால் அதுவும் குறையும். கேட்6ஏ-ல் 100 மீட்டர் வரை கவலையில்லை. 305 மீட்டர் பெட்டி இருபது தேவைப்பட்டது. உள்ளூர் டீலர் சொன்னதைவிடப் பெட்டிக்கு 2,000 ரூபாய் குறைவாக, மொத்த விலைக்குப் பொருள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் கிடைத்தது. பெட்டி 13,500.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சாம்பிள் கேட்டேன். "அண்ணே, அனுப்புறேன், நீங்களே சுரண்டிப் பாருங்க" என்றான் விற்பனையாளன். கூரியரில் ஒரு மீட்டர் துண்டு வந்தது. எட்டுக் கம்பியையும் சுரண்டினேன், உள்ளே வரைக்கும் சிவப்பு. கூடவே எல்லாம் பாஸ் என்று ஒரு டெஸ்ட் ரிப்போர்ட், பிடிஎஃப்பில். அன்று மாலையே முழுப் பணமும் அனுப்பினேன். அந்த ஒரு மீட்டர் துண்டு மட்டும்தான் உண்மையான செம்பு.

லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கிய தம்பி, "சார், கேட்6ஏ-ன்னு சொன்னீங்க, லேசா இருக்கே" என்றான். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்: 23 கேஜ் தடிமனில் கம்பி எட்டு, 305 மீட்டர் நீளம் என்றால் செம்பு மட்டுமே ஐந்தரை கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். சிசிஏ என்றால் இரண்டு கிலோ சொச்சம்தான். ஒரு தராசு இருந்திருந்தால் போதும்.

மூன்றாம் நாள் கேபிள் முனைகள் வந்து சேரும் பேட்ச் பேனலில் கம்பியை அழுத்திப் பொருத்தும்போது (பன்ச்) கம்பி படக்கென்று ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. ஐந்தாவது ஒடிந்தபோதுதான் பிளேடை எடுத்தேன். அதற்குள் 160 இணைப்பு இழுத்தாகிவிட்டது. இதில் கொடுமை என்னவென்றால், 20 மீட்டர் இணைப்பில் லிங்க் வந்துவிடும், டேட்டாவும் போகும். ஆனால் இந்தக் கம்பிக்கு மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் கேமராக்கள் தானாக அணைந்து அணைந்து இயங்கின. மின்தடை கூடினால் கம்பி சூடாகும்; கட்டுக் கட்டாக ட்ரேயில் கிடக்கும் கேபிளில் அந்தச் சூடு எங்கே போகும்? முலாம் பூசிய கம்பியைக் கேட்6ஏ என்று சொல்லவே கூடாது, இந்தக் கேபிள்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான டிஐஏ-வின் விதியில் அதற்கு இடமே இல்லை.

போன் செய்தேன். "காப்பர்தான் சார், லாட் மாறியிருக்கும்." அண்ணே போய் சார் வந்துவிட்டது. மறுநாள் "லேப் ரிப்போர்ட் கொண்டு வாங்க." அதற்கடுத்த நாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். தளத்தில் மூன்று முறை புகார் போட்டேன். முதலில் விற்பனையாளரிடம் பேசச் சொன்னார்கள். அப்புறம் பெட்டி பிரித்தாகிவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். மூன்றாவதற்குப் பதிலே இல்லை, 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். என்ன தீர்ந்தது? 2,70,000 ரூபாய் வந்துவிட்டதா? நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டால், வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் 2019 சட்டத்தில் வராது, சிவில் வழக்குதான் என்கிறார்.

கேபிள், ஃபைபர், ட்ரே என்று எல்லாவற்றையும் எப்படித் திட்டமிடுவது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். சாம்பிளை நம்பாதீர்கள், வந்த பெட்டிகளில் நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து நடுவிலிருந்து வெட்டிச் சுரண்டுங்கள். எடை போடுங்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பிடிஎஃப்பில் வாங்காதீர்கள், கேபிளைச் சோதிக்கும் டெஸ்டர் கருவியிலிருந்து எடுத்த மூல ஃபைலைக் கேளுங்கள். இழுத்த பிறகு ஒவ்வொரு இணைப்பையும் மின்தடையோடு சேர்த்துச் சோதித்த பிறகே மீதிப் பணம் கொடுங்கள். முழுப் பணத்தை முன்னாலேயே அனுப்பாதீர்கள்.

ஆட்கள் வந்துவிட்டார்கள். 160 இணைப்பையும் வெட்டி இறக்க வேண்டும்.