தொங்கும் கயிறும் எங்கள் பலாவும்

மஞ்சக்குட்டை நண்பர் ஒருவர், வீட்டை ஒட்டி நிற்கும் நாவல் மரத்தின் கிளைகளை இரும்புக் கம்பியால் பிணைப்பதா, கயிற்றால் பிணைப்பதா என்று கேட்டிருந்தார். ஏற்காட்டில் எங்கள் பலாவுக்குக் கயிறு போட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதை அவிழ்த்து மறுபடி கட்ட இந்த மாதம்தான் செலவு செய்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கயிற்றின்மேல் குற்றமில்லை. எங்கள் மரம் இடுப்புயரத்திலேயே இரண்டாகப் பிரிந்தது. கவட்டையில் பட்டை உள்மடிந்து கிடக்கிறது. அந்த இடத்தில் கட்டையோடு கட்டை சேராது. பிளந்தால் பாதி மரம் கூரைமேல்தான். கவட்டையிலிருந்து உச்சி வரையிலான உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் கட்டியிருக்கிறார்கள். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் பின்னிய கயிறு, உள்ளே குழல்போல் வெற்றிடம். நுனியை அந்த வெற்றிடத்துக்குள்ளேயே செருகிவிட்டால், இழுக்க இழுக்கப் பின்னல் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. முடிச்சில்லை, மரத்தில் துளையில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்த நாட்களிலும் கவட்டை விடவில்லை.

தொல்லை என்னவென்றால், கயிறு சற்றுத் தொய்ந்து தொங்கும். தொங்கத்தான் வேண்டும். சாதாரணக் காற்றில் மரம் தாராளமாக ஆடினால்தான் பாரம் விழும் இடத்தில் கட்டை தடிக்கும். பெருங்காற்றில் மட்டும் கயிறு தாங்கினால் போதும். இதை வீட்டுக்கு வருகிற ஒருவராவது ஒப்புக்கொள்ள வேண்டுமே! பால்காரர் முதல் சம்பந்தி வரை அண்ணாந்து பார்த்து, "தொங்குதே, இழுத்துக் கட்டச் சொல்லக் கூடாதா?" என்பார்கள். கடைசியில் மிளகு பறிக்க ஏறியவர், யாரும் சொல்லாமலே கயிற்றை வீணைத் தந்தியாக விறைப்பேற்றி, முடிச்சும் போட்டுவிட்டு இறங்கினார். முடிச்சு விழுந்த இடத்தில் கயிறு பலம் குறையும். அவரோ பெரிய உபகாரம் செய்த முகத்தோடு டீக்குக் காத்திருந்தார். கொடுத்தேன், வேறென்ன செய்ய?

ஆண்டுதோறும் ஆள் ஏறிப் பார்க்க வேண்டும். எங்கள் கயிற்றுக்குச் சொன்ன ஆயுள் எட்டு ஆண்டு. இங்கே மரம் ஏறத் தெரிந்தவர்கள் நிறைய, இந்தக் கயிறு தெரிந்தவர்கள் சொற்பம்.

இரும்பென்றால் கிளையைத் துளைத்து போல்ட் ஏற்ற வேண்டும். மரம் ஆட முடியாமல் கம்பியையே நம்பி நிற்கும். துளைக்காமல் கிளையைச் சுற்றிக் கட்டினால், பருக்கப் பருக்கக் கம்பி பட்டையை அறுத்து உள்ளே இறங்கும். எல்லாம் தெரிந்தும் நண்பரிடம் இரும்பே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். விறைப்பாக நிற்கும், எவரும் வாய் திறக்கமாட்டார்கள். எங்கள் பலாவுக்கு இப்போது வாங்கிக் கட்டியிருப்பதும் அதே கயிறுதான். அது வேறு விஷயம்.