மனித ஃபிராடாக்சின்: ஈ.கோலையா, கோதுமை முளையா, மனிதச் செல்லா?

தரமணியிலோ கிண்டியிலோ ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஃபிராடாக்சின் என்ற மனிதப் புரதத்தை வாங்கக் கேட்டலாக்கைப் புரட்டினால் கண் விலைக்குத்தான் போகும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் எண்களை முதலில் பாருங்கள் என்பதுதான் என் கட்சி. எத்தனையாவது அமினோ அமிலத்திலிருந்து எத்தனையாவது வரை என்பதை அவை காட்டும். 1-210, 42-210, 56-210, 81-210 என்று பல அளவுகளில் இந்தப் புரதம் உண்டு. எல்லாவற்றுக்கும் பெயர் ஒன்று, வேலை ஒன்றல்ல.

ஃபிராடாக்சின் மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்தாலும் அதன் ஜீன் செல்லின் கருவில் இருக்கிறது. 210 அமினோ அமிலங்களோடு உருவாகி, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனதும் இரண்டு முறை வெட்டுப்படுகிறது. முதல் வெட்டில் 42-210, அடுத்த வெட்டில் 81-210. கடைசியில் மிஞ்சும் 130 அமினோ அமிலங்கள், சுமார் 14 கிலோடால்டன், அதுதான் முதிர்ந்த வடிவம். ஒரு காலத்தில் 56-210தான் முதிர்ந்தது என்று நினைத்தார்கள். 2007-ல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு 81 என்று நிலைபெற்றது. ஆகவே பழைய கட்டுரையைப் பார்த்து 56-ஐக் கேட்டு வாங்காதீர்கள்.

இரும்பு-கந்தகக் கொத்துகள் உருவாக இது தேவை. சிஸ்டீனிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் என்எஃப்எஸ்1 நொதியின் வேகத்தை இது கூட்டுகிறது. குறைந்துபோனால் ஃபிரீட்ரிக் அட்டாக்ஸியா வருகிறது. நடை தள்ளாடி, இதயம் வரை பாதிக்கும் பரம்பரை நோய் அது. அதைப் பற்றிய ஆய்வுக்குப் போகும் புரதம் என்பதால் தேர்வில் அவசரம் கூடாது.

ஈ.கோலை பாக்டீரியா, கோதுமை முளைச் சாறு, மனிதச் செல் என மூன்று இடங்களில் தயாரானது கேட்டலாக்கில் கிடைக்கும். மூன்றில் எனக்குப் பிடித்தது ஈ.கோலையில் தயாரானது. ஃபிராடாக்சின் சிறியது, நன்றாகக் கரைவது, பாக்டீரியாவுக்குள்ளேயே ஒழுங்காக மடிந்துகொள்வது. நிறையக் கிடைக்கும், விலையும் தாங்கும். ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஆர்டர் போட வேண்டும். முதலாவது, ஹிஸ் டேக். சுத்திகரிக்கும்போது நிக்கல் காலத்தில் (நிக்கல் ஏற்றிய துகள்கள் நிரப்பிய குழாயில்) ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ஆறு ஹிஸ்டிடின்களும் மற்ற உலோகங்களையும் பிடிக்கும். இரும்பு ஒட்டுகிறதா என்று அளக்கப் போகிறவருக்கு அந்த டேக் வெட்டப்பட்டிருக்க வேண்டும், பஃபரில் உலோகத்தைக் கவ்வும் இடிடிஏ இருக்கவும் கூடாது. இல்லாவிட்டால் எதை அளந்தோம் என்றே சொல்ல முடியாது. இரண்டாவது, ஈ.கோலைக்கும் ஃபிராடாக்சினின் உறவுப் புரதம் ஒன்று உண்டு, பெயர் சைஒய். மனிதப் புரதம் நொதியை முடுக்கும், சைஒய் பாக்டீரியாவின் நொதியைத் தடுக்கும். வேகத்தை அளக்கும் சோதனை என்றால், சைஒய் கலந்திருக்கிறதா என்று அறிய, புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தை அந்த லாட்டுக்குக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்றாவது, எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாவின் வெளியுறையிலிருந்து வரும் நச்சு. வளர்ப்புச் செல்கள் மேல் ஊற்றப் போகிறீர்கள் என்றால், அதன் அளவு டேட்டா ஷீட்டில் இல்லாத புரதத்தைத் தொடாதீர்கள். செல்கள் காட்டும் மாற்றம் பாக்டீரியாவின் மிச்சத்தால் வந்ததாகவும் இருக்கலாம்.

கோதுமை முளைச் சாற்றில் தயாராவது பெரும்பாலும் 1-210 முழு நீளம், முன்னால் ஜிஎஸ்டி என்ற புரதம் டேக்காக. அந்த டேக் மட்டுமே 26 கிலோடால்டன். அதாவது முதிர்ந்த ஃபிராடாக்சினைவிடக் கனம். அந்தச் சாற்றில் மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் வெட்டும் நடக்காது. ஆன்டிபாடி சரியாகப் பிடிக்கிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டிலோ எலைசாவிலோ பார்க்க இது போதும். செயல்பாட்டை அளக்க வேண்டாம்.

அப்புறம் ஹெச்இகே 293, ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல் வகை. மனிதச் செல்லில் செய்ததென்றால் உசத்தி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. செல்லை விட்டு வெளியே போகும் ஆன்டிபாடி, சில ஹார்மோன்களுக்கு அது பொருந்தும், அவற்றுக்குச் சர்க்கரைச் சங்கிலி தேவைப்படுவதால். மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறைப் புரதமான ஃபிராடாக்சின் அந்த வழியாகவே போவதில்லை. செல்லே வெட்டிக் கொடுக்கும் என்பது இதன் நல்ல அம்சம். ஆனால் மிகையாக உற்பத்தி செய்யும்போது பாதி வெட்டிய 42-210-உம் கலந்து வருவதுண்டு. கூடுதல் விலை கொடுத்துக் கலவையை வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

சென்னையில் இருப்பவர் போக்குவரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். டிரை ஐஸில் வரும் பெட்டி மே மாதத்தில் மீனம்பாக்கத்தில் சுங்கத்துக்காகக் காத்திருந்தால் டிரை ஐஸ் ஆவியாகிப் போய்விடும். உலர்த்திய பொடியாகக் கிடைத்தால் அதையே கேளுங்கள். கைக்கு வந்த அன்றே சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80-ல் வைத்துவிட்டால், திரும்பத் திரும்ப உருகி உறைவதைத் தவிர்க்கலாம்.

நாமே செய்துகொள்வதும் ஒரு வழி, கேட்டலாக் மூன்றையும்விட இதற்குத்தான் என் ஓட்டு. ஜீனைச் சுமக்கும் பிஇடி பிளாஸ்மிட், ஈ.கோலையின் பிஎல்21 வகைச் செல், உற்பத்தியைத் தூண்ட ஐபிடிஜி, நிக்கல் காலம், டேக்கை வெட்ட டிஇவி புரோட்டியேஸ், கடைசியில் புரதங்களை அளவுப்படி பிரிக்க ஜெல் ஃபில்ட்ரேஷன். புரத வேலை பழகிய ஆய்வகத்துக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் எடையைச் சரிபாருங்கள். டிஇவி வெட்டிய பிறகு முன்னால் ஓர் அமினோ அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதில் பெரிய லாபம் மாற்றுருக்கள், அதாவது ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறிய வடிவங்கள். சில நோயாளிகளிடம் காணப்படும் ஜி130வி, டபிள்யூ155ஆர் போன்றவை வேண்டுமென்றால் பிளாஸ்மிடில் ஓர் இடத்தை மாற்றினால் போதும். சரியான புரதத்தையும் மாற்றுருவையும் ஒரே கையால், ஒரே பஃபரில் தயாரித்து ஒப்பிடலாம். இரண்டு கம்பெனிப் புட்டிகளைப் பக்கத்தில் வைத்து அந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது.